எங்கள் சட்டியில் போட்ட பழியை எடுத்துவிடுங்கள்

கடலில் சுழியோடவும் ஊர் வீடுகளில் தங்கவும் பிள்ளைகளை மட்டக்களப்புக்கு அழைத்து வரும் வெளிநாட்டுத் தமிழ் மாணவர் அமைப்பின் நிர்வாகத்தினருக்கும், அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கும்,

போன கிழமை என் தங்கச்சியின் மகன் போனில் ஒரு அறிக்கையைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டினான். உங்கள் கடந்த வருஷப் பயணத்தைப் பற்றி நீங்கள் பெற்றோருக்கு அனுப்பிய அறிக்கை அது. ஆங்கிலத்தில் இருந்ததை அவன் வரிக்கு வரி தமிழில் சொன்னான். பத்துப் பக்கத்தில் எங்கள் ஊரைப் பற்றி இரண்டே இரண்டு செய்திதான். ஊர் வீட்டில் தங்கியிருந்தபோது சாப்பாடும் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாமல் ஒரு மாணவர் கடுமையாக நோயுற்றார் என்பது ஒன்று. ஆகவே இனிமேல் ஆறு இரவும் பாசிக்குடாவில் ஹோட்டலில் தங்குவது, ஊருக்கு ஒரு பின்னேரம் மட்டும் வந்து போவது என்பது மற்றது.

அந்த மாணவர் தங்கியது என் வீட்டில். அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவள் நான். என்ன நடந்தது என்று என்னிடமோ, என் மனுசனிடமோ, அந்த மாணவத் தம்பியைப் பார்த்த டொக்டரிடமோ உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே எழுதி, கேட்காமலே முடிவும் எடுத்துவிட்டீர்கள். அதனால்தான் நாலு பேர் பார்க்க இதை எழுதுகிறேன். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ வாசித்துக் காட்டட்டும்.

தம்பி வந்திறங்கும்போதே மூக்கடைப்போடுதான் வந்தார். விமானத்துக் குளிர், அப்புறம் கட்டுநாயக்காவிலிருந்து இரவிரவாக ஏசி வானில் வந்த குளிர். இரண்டாம் நாள் இரவு கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அன்ரி, நாளைக்குக் கப்பல் பார்க்கப் போறம்" என்றார். என் மனுசன் திண்ணையில் இருந்தபடியே, "தம்பி, மூக்கடைச்சிருக்கக்குள்ள தாழக்கூடாது. காது போயிரும்" என்று சொன்னார். பிள்ளை அதைத் தட்டவில்லை. அடுத்த நாள் காலையில் பயிற்றுநரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர்கள் மூக்கைத் திறக்கிற குளிசை ஒன்றைக் கொடுத்து, மெதுவாக இறங்கினால் சரியாகிவிடும் என்று சொல்லிப் படகில் ஏற்றிவிட்டார்கள்.

என் மனுசன் பதினாலு வருஷம் சிலிண்டர் கட்டிச் சங்கும் கடலட்டையும் எடுத்தவர். சான்றிதழ் ஒன்றும் அவரிடம் இல்லை. ஆனால் கடலுக்குள் உடம்புக்கு என்ன நடக்கும் என்பது அவர் பட்டுப் படித்த பாடம். கரையில் நிற்கும்போது காற்று நம்மை எவ்வளவு அழுத்துகிறதோ, அதே அளவு அழுத்தத்தைப் பத்து மீற்றர் தண்ணீரும் கூட்டிவிடும். அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அதனால் காதுக்குக் கஷ்டம் முதல் பத்து மீற்றரில்தான். மூக்கைப் பொத்தி ஊதி, காதுக்குள் காற்றை அனுப்பி அனுப்பித்தான் இறங்க வேண்டும். சளி பிடித்தவருக்கு மூக்கையும் காதையும் இணைக்கிற குழாய் வீங்கி அடைத்திருக்கும். குளிசை போட்டுத் திறந்து இறங்கினாலும், அடியில் நிற்கும்போது மருந்தின் வேகம் குறைந்துவிட்டால் ஏறும்போது அடைத்துக்கொள்ளும். இதை ஊரில் சங்குக்குத் தாழ்கிற எந்தப் பெடியனும் சொல்வான்.

அவருக்கே ஒருமுறை விபத்து நடந்தது. 2011 கச்சான் காலம். ஒரே நாளில் மூன்று தரம் தாழ்ந்து, கடைசித் தரம் காற்று முடியப் போகிறதென்று வேகமாக ஏறிவிட்டார். பொழுதுபடும்போது இரண்டு காலும் தெரியவில்லை என்றார். தெரியவில்லை என்றால், மரத்துப்போய், தன் கால் என்ற உணர்வே இல்லாமல். ஆஸ்பத்திரியில் இருந்து திருகோணமலைக்குக் கொண்டுபோய், கடற்படையின் அமுக்க அறைக்குள் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். இரத்தத்தில் குமிழியாகிவிட்ட காற்றைத் திரும்பக் கரைக்க வேறு வழியில்லை. இடது குதிக்கால் இன்றைக்கும் விறைப்புத்தான். அப்படிப்பட்ட மனுசன் தன் திண்ணையில் தங்குகிற பிள்ளையைப் பார்த்து "தாழாதே" என்று சொன்னால், அது உங்கள் அறிக்கையில் ஒரு வரி பெறத் தகுதியான விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

அன்றைக்கு அவர்கள் போனது பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலைப் பார்க்க. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுத் தாழ்த்திய கப்பல்களில் ஒன்று. கல்குடாக் கடலில் இருபது மீற்றர் சொச்சத்தில் கிடக்கிறது. (பிள்ளைகள் முதலில் கேட்டது அதே நாளில் மட்டக்களப்புக்கு நேரே தாழ்ந்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை. முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள். அது ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, படிக்கிற பிள்ளைகள் தாழ்கிற ஆழமில்லை என்று என் மனுசன்தான் சொல்லித் தேற்றினார்.) தம்பி கப்பலைப் பார்க்கவேயில்லை. பாதி வழியிலேயே வலது காதில் ஊசி குத்தினதுபோல் வலி. மற்றவர்கள் இறங்குகிறார்களே என்று இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறார். அப்புறம் தாங்க முடியாமல் ஏறினார். ஏறும்போது முகக்கண்ணாடிக்குள் மூக்கிலிருந்து இரத்தம். படகில் தூக்கிப் போட்டதும் உலகம் சுற்றுகிறது என்று சொல்லிச் சத்தி எடுத்தார். படகோட்டியாகப் போன என் மச்சான்தான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று காலையில் அந்தப் பிள்ளை சாப்பிட்டது பாதி ரொட்டியும் ஒரு பிளேன்ரீயும். சத்தி தொடங்கியது நடுக்கடலில், என் பிட்டும் மீன்கறியும் அடுப்பில் ஏறுவதற்கு முன்பு.

கரைக்கு வந்ததும் அவரை எங்கே கொண்டுவந்து விட்டீர்கள்? என் வீட்டில். குழுவில் மற்றவர்கள் இரண்டாவது சுழியோட்டத்துக்குத் திரும்பிப் போனார்கள். நான் பாயில் கிடத்தி, தலையை அசைக்காமல் பிடித்து, கரண்டியால் தண்ணீர் பருக்கினேன். இருட்டின பிறகும் சத்தி நிற்காததால் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நானும் என் மனுசனும். டொக்டர் இரண்டு காதுக்குள்ளும் லைட் அடித்துப் பார்த்தார். வலது காதுச் சவ்வு இரத்தம் கட்டிச் சிவந்திருக்கிறது, சமநிலை பார்க்கிற உறுப்பும் காதுக்குள்தான் இருக்கிறது, அதனால்தான் தலைச்சுற்றும் சத்தியும் என்று விளங்கப்படுத்தினார். இனி இந்தப் பயணத்தில் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று துண்டில் எழுதியும் தந்தார். அந்தத் துண்டை உங்கள் ஒருங்கிணைப்பாளர் என் கையிலிருந்து வாங்கிப் படம் எடுத்தார். ஆகவே என்ன நோய் என்பது உங்களுக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்ல முடியாது.

இன்னொன்று. அந்த ஆறு நாளும் எட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து என் வளவில்தான் சமைத்தோம். ஒரே சட்டி, ஒரே கிணற்றுத் தண்ணீர், அதுவும் கொதித்தாறினது. இருபத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள். வயிறு வலிக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைசி நாள் ஒரு மகள் திருவலையில் இருந்து தானே தேங்காய் திருவி, தானே பிட்டுக் குழைத்து, அவித்து எல்லோருக்கும் பரிமாறினா. போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து அழுதா. அந்தப் பிள்ளையின் அம்மாவும் இந்த அறிக்கையை வாசித்திருப்பா. என் சமையலறையைப் பற்றி இப்போது என்ன நினைத்துக்கொண்டிருப்பா?

எனக்கு இதில் காசு நட்டம் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நீங்கள் முதல் முறை வந்து கேட்டபோது எங்கள் வீடுகளில் கொமட் மலசலகூடம் இல்லை. கட்டாயம் வேண்டும் என்றீர்கள். நுண்கடன்காரரிடம் போகக் கூடாது, போனவர்கள் பட்ட பாட்டை இந்த ஊரில் கண்ணால் கண்டிருக்கிறோம் என்று, எட்டுப் பெண்களும் சீட்டுப் பிடித்துத்தான் கட்டினோம். மெத்தை, நுளம்பு வலை, மேசை மின்விசிறி எல்லாம் அந்தச் சீட்டுக் காசுதான். சீட்டு இன்னும் ஏழு மாசம் கட்ட இருக்கிறது. வருகிற ஆனி மாசத்துக்கும் வருவோம், வேறு ஒருவருக்கும் அறை கொடுத்துவிடாதீர்கள் என்று போகும்போது சொன்னவர்கள் நீங்கள். நாங்களும் கொடுக்கவில்லை. வரமாட்டோம் என்பதை எங்களிடம் சொல்லக்கூட இல்லை, போனில் வந்த அறிக்கையிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம்.

ஆனால் காசைவிடப் பழிதான் சுடுகிறது. இந்த ஊர் 2004 இல் கடல் எடுத்த ஊர். 2006 இல் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து வெறும் அத்திவாரத்தில் இருந்து தொடங்கிய வீடுகள் இவை. எவ்வளவு இல்லாமை வந்தாலும், வந்த ஆளுக்குக் கெட்ட சோறு போட்டாள் என்று எங்களை ஒருவரும் சொன்னதில்லை. என் மாமிக்கு எழுபத்தாறு வயது. அறிக்கையை வாசித்தபோது அவ பக்கத்தில் இருந்தா. ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்ச் சட்டிகளை எல்லாம் கிணற்றடியில் வைத்துத் திரும்பவும் விளக்கத் தொடங்கினா.

பாதுகாப்புத்தான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோரின் பயம் எனக்கு விளங்குகிறது, நானும் மூன்று பிள்ளை பெற்றவள். ஆனால் போன வருஷம் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்த்தது யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்கள் நேர அட்டவணையில் ஆறாம் நாள் காலை இரண்டு சுழியோட்டம், அன்று பின்னேரமே நுவரெலியாவுக்குப் பயணம் என்று இருந்தது. அதைச் சுவரில் ஒட்டியிருந்தீர்கள். என் மனுசன் வாசித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கடலடியில் இருந்து வந்த உடம்பில் காற்று இன்னும் கரைந்தபடியே இருக்கும். அது மெல்ல மெல்ல வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1800 மீற்றருக்கும் மேலே. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. விமானத்தில் ஏறுவதற்கு முன் பல தரம் தாழ்ந்தவர் பதினெட்டு மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது சுழியோடிகளுக்கெல்லாம் சொல்லித் தருகிற விதி. உயரமான மலைக்குப் போவதும் அதே கணக்குத்தான். மலைப்பாதையில், நடு இரவில், பிள்ளைகளில் ஒருவருக்குக் கால் மரத்திருந்தால் எந்த அமுக்க அறைக்குக் கொண்டுபோயிருப்பீர்கள்? என் மனுசன் இரண்டு மணி நேரம் உங்கள் ஒருங்கிணைப்பாளரோடு மன்றாடி, கடைசி நாள் சுழியோட்டத்தை நிறுத்தி, பிள்ளைகளை வாவியில் தோணி வலிக்கக் கூட்டிப்போனார். இதுவும் அறிக்கையில் இல்லை. 'கடைசி நாள் வாவிச் சுற்றுலா' என்று மட்டும் இருக்கிறது.

ஹோட்டலில் தங்கினாலும் கடல் அதே கடல்தான். அங்கே ஒரு பிள்ளைக்கு மூக்கடைத்திருப்பதை யார் கவனிப்பார்? இரவு இருமுகிற சத்தம் கேட்டு எழும்புகிறவள் யார்?

அப்புறம் மீன்களின் பெயர்கள். உங்களில் கடலைப் பற்றிப் படிக்கிற நாலு பிள்ளைகள் ஒவ்வொரு இரவும் எங்கள் பெரியப்பாவின் மீன் வாடியில் குந்தியிருந்து கேட்டார்கள். கலவாய் எந்தப் பாரில், அதாவது எந்தக் கடலடிக் கல்திட்டில் கிடக்கும், ஓரா எந்தக் காற்றுக்கு வரும், அஞ்சாளையின் பொந்தை எப்படிக் கண்டுபிடிப்பது, 1998 இல் கடல் சூடாகி முருகைக்கல் வெளிறிச் செத்தபோது காயான்கேணிப் பக்கம் எது மிஞ்சியது, அப்புறம் எந்தக் கல் முதலில் துளிர்த்தது என்று எல்லாம். அறுபது வருஷம் அந்தத் தண்ணீரைப் பார்த்த மனுசன், பல் இல்லாத வாயால், மறுகா மறுகா சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் கொப்பி கொப்பியாக எழுதினார்கள். அவர்களில் எனக்குக் குறையே இல்லை, நல்ல பிள்ளைகள். ஆனால் அறிக்கையின் பின்னால் மீன் பட்டியல் என்று போட்டிருக்கிற இரண்டு பக்கத்தில் பெரியப்பா இல்லை. உள்ளூர்த் தகவல் என்று இருக்கிறது. அவருக்கு ஒரு பிரதியும் வரவில்லை. ஊரில் வாங்கிய அறிவுக்குப் பெயர் இல்லை, ஊரில் நடக்காத நோய்க்கு மட்டும் ஊரின் பெயர். இதை எப்படி நாங்கள் சும்மா விடுவது?

உங்களிடம் நான் கேட்பவை இவை.

முதலாவது, அறிக்கையைத் திருத்துங்கள். அந்த மாணவருக்கு வந்தது சுழியோடும்போது காதில் ஏற்பட்ட காயம், ஊர் உணவோ தண்ணீரோ அதற்குக் காரணமில்லை என்று எழுதி, முதல் அறிக்கை போன அத்தனை பெற்றோருக்கும் அனுப்புங்கள். டொக்டரின் துண்டு உங்களிடம் இருக்கிறது. தம்பியின் பெயரைப் போட வேண்டாம், அந்தப் பிள்ளைக்குச் சங்கடம் வரக் கூடாது. அவருக்குக் காது இப்போது எப்படி என்று எனக்கு ஒரு சொல் அறிவித்தால் போதும். மாமி ஒவ்வொரு நாளும் கேட்கிறா.

ஹோட்டல் முடிவை நிறுத்திவைத்து, எங்களோடு ஒருமுறை பேசுங்கள். நேரில் வர வேண்டியதில்லை, போனில் பேசலாம், எட்டு வீட்டுப் பெண்களும் இருப்போம். எங்கள் வீடுகளில் எது குறை என்று சொன்னால் திருத்துவோம். பேசிய பிறகும் வருவதில்லை என்றால் சரி, அது உங்கள் உரிமை. ஆனால் நீங்கள் பிடித்துவைக்கச் சொன்ன அறைகளுக்கும், நீங்கள் சொல்லிக் கட்டிய வசதிகளுக்கும் ஒரு நியாயமான கணக்கைத் தீர்த்துவிட்டுப் போங்கள். ஒரு பின்னேரம் மட்டும் வந்து கூத்துப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு போகிற வருகைக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. அதையும் அட்டவணையில் இருந்து எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளை எங்கே தங்க வைத்தாலும், கடல் விஷயத்தில் இவற்றைச் செய்யுங்கள். சளி, மூக்கடைப்பு உள்ள ஒருவரையும் குளிசை கொடுத்து இறக்காதீர்கள். காலையில் ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேளுங்கள், மற்றவர்கள் முன்னால் கேட்டால் வெட்கத்தில் இல்லையென்றுதான் சொல்லும். படகில் ஒக்சிஜன் இல்லாமல் புறப்படாதீர்கள். போன வருஷம் அது இருக்கவில்லை, மச்சான் சாட்சி. மலைக்கோ விமானத்துக்கோ போவதற்கு முந்தின முழு நாளும் தண்ணீருக்குள் இறங்குவதை விட்டுவிடுங்கள். பாரில் நங்கூரம் போடுகிற படகை வாடகைக்குப் பிடிக்காதீர்கள். காயான்கேணிப் பாரை 2019 இல் கடல் சரணாலயமாக அறிவித்ததே அது மிஞ்ச வேண்டும் என்றுதான்.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற நாட்களில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள். கோயில் கதவு திறந்தால் கடைசிச் சடங்கான குளிர்த்தி வரைக்கும் எங்கள் வீடுகளில் மீன், இறைச்சி சமைப்பதில்லை, பூசை செய்கிற கட்டாடியாரின் அனுமதி இல்லாமல் கோயிலுக்குள் கமரா கொண்டுபோவதும் இல்லை.

மீன் பட்டியலில் பெரியப்பா சொன்னார் என்று எழுதுங்கள். பெயரை எப்படிப் போடுவது என்று அவரிடம் கேட்டுப் போடுங்கள். தமிழில் ஒரு பிரதி எடுத்து எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு அனுப்புங்கள், ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாசிக்கட்டும்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு முன் பதில் வேண்டும். அதற்குப் பிறகு கடல் அடங்கிவிடும், வேறு குழுக்கள் அறை கேட்டு வரும், சீட்டுக்கார அக்காவுக்கும் நான் ஒரு பதில் சொல்ல வேண்டும். பதிலைத் தமிழில் எழுதுங்கள். சங்கத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும், மாமிக்கும் கேட்கும்படியாக.

இப்படிக்கு,
அந்தப் பிள்ளைக்குச் சமைத்தவள்,
வாழைச்சேனைக்கு வடக்கே ஒரு கரையோர ஊர்,
மட்டக்களப்பு மாவட்டம்.